முதல் சொம்பு தன் தலையில்

எங்கள் கடையில் விற்கிற ஷாம்புவை எங்கள் மாடியிலிருந்தே ஒருத்தி திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

கள்ளக்குறிச்சியில், கச்சிராயபாளையம் ரோட்டில், எங்களுக்கு ஒரு ஃபேன்சி ஸ்டோர். வளையல், கிளிப், பவுடர், சோப்பு, சீப்பு. கடைக்குப் பின்னாலேயே வீடு. மாடியில் ஒரே ஒரு அறை, மீதி மொட்டைமாடி. அந்த அறையை வாடகைக்கு எடுத்து அவள் பெண்களுக்கான பார்லர் நடத்தினாள். குடியிருப்பதும் அங்கேயேதான். நாற்பதை ஒட்டிய வயது, தனி ஆள். யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவள் பார்லர் அக்கா.

மாடிக்கு ஏறும் பெண்கள் சிலர் போகிற வழியில் எங்களிடம் ஒரு ஷாம்பு பாக்கெட் வாங்கிப் போவார்கள். கொஞ்ச நேரத்தில் அது திரும்பி வரும். ஒருமுறை நைனார்பாளையத்திலிருந்து ஒரு டீச்சர் வந்தார். அன்று சாயங்காலம் தங்கைக்கு நிச்சயதார்த்தமாம். அவசரம். மாடிப்படியில் சத்தம் கேட்டு நான் எட்டிப் பார்த்தேன்.

"நானே வாங்கினு வந்தது. ஊத்திக் கழுவி வுடறதுல உங்களுக்கு இன்னா கஷ்டம்?"

"கஷ்டம் இல்லீங்க. எனக்கு அது தெரியாது."

"இன்னா தெரியாது? ஊரே போடுது."

"பாக்கெட்டுக்குப் பின்னாடி பொடி எழுத்துல எழுதி கீது. படிச்சன். ஒண்ணும் புரியல. புரியாதத எப்டி உங்க தலையில ஊத்துவன்? வூட்ல போய் நீங்களே போட்டுக்கங்க, நல்லாத்தான் இருக்கும்."

டீச்சர் கோபத்தோடு இறங்கிப் போய்விட்டார். கல்லாவில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் பல்லைக் கடித்தார். "நம்ம வூட்லயே குந்திக்கினு நம்ம யாவாரத்துக்கு வேட்டு வெக்கறா பாரு." ஆனால் அதற்கு மேல் அவரால் சண்டை போட முடியாது. ஷாம்பு கெட்டது என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஹேர்பின்னும் கிளிப்பும் எங்களிடம்தான் டஜன் டஜனாக வாங்கினாள். வாடகையும் தேதி தவறாமல் வந்துவிடும்.

ஷாம்புக்குப் பதிலாக அவள் அறை முழுக்க எவர்சில்வர் டப்பாக்கள் இருந்தன. சீயக்காய், அரப்பு, பச்சைப்பயறு, வெந்தயம், நிழலில் காயவைத்த செம்பருத்தி இலை. எண்ணெய்ப் பிசுக்கேறிய தலைக்கு ஒரு விதமாகக் கலப்பாள், வறண்ட தலைக்கு வேறு விதமாக. அரைத்த பொடியை மெல்லிய துணியில் சலிக்கும்போது மாடியிலிருந்து தும்மல் விடாமல் கேட்கும். சலித்ததைச் சோறு வடித்த கஞ்சியில் குழைத்து ஊறவைப்பாள். இதெல்லாம் நிறையப் பேர் செய்வதுதான். அவளிடம் வேறொன்று இருந்தது. புதிதாக அரைத்து வந்த எதுவும் முதலில் அவள் தலைக்குத்தான் போகும். வருடக்கணக்காகப் பழகிய அதே சீயக்காயாக இருந்தாலும் சரி, புதிய மூட்டை பிரித்தால் முதல் சொம்பு அவள் தலையில். ஒரு பகல் முழுக்க அரிக்கிறதா, எரிகிறதா என்று பார்ப்பாள். அப்புறம்தான் மற்றவர்களுக்கு. அதனால் அவள் கூந்தல் முழுதாகக் காய்ந்து நான் பார்த்ததே இல்லை. ரவிக்கையின் முதுகுப் பக்கம் எப்போதும் ஈரம். வெயில் காலத்திலும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருப்பாள்.

கல்யாணமாகி வந்ததிலிருந்து முக்காட்டுக்குள் வேர்த்து வேர்த்து என் தலையில் பொடுகு அப்பிக் கிடந்தது. ஒரு நாள் கடைக்கு வந்த அக்கா ஹேர்பின்னை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எந்நேரமும் தலைய சொறிஞ்சிக்கினே கீற. மேல வாம்மா."

"இல்லக்கா, அவர் எதுனா சொல்லுவாரு."

"கதவ சாத்தித் தாப்பா போட்டுடறன். ஜன்னலயும் சாத்திடறன். ஒரு ஆம்பள நெழலு வராது. வா."

போனேன். ஒரு துண்டை மடித்து என் நெற்றியில் இறுக்கிக் கட்டினாள். கண்ணைத் திறக்கக்கூடாது என்றாள். விரல்கள் தலைக்குள் மெல்ல இறங்கின. எனக்குத் தூக்கம் வந்துவிட்டது. ஆனால் அவள் தூங்க விடவில்லை. எரியுதா? குத்துதா? சூடு ஜாஸ்தியா? இல்லக்கா, இல்லக்கா என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒரு கட்டத்தில் கையை எடுத்துவிட்டாள்.

"நெசமா எரியலயா? இல்ல, எனக்காவ சொல்றியா?"

அந்தக் குரலில் பதிலுக்குப் பயப்படுகிற ஒரு தினுசு இருந்தது. கண்ணை மூடிக்கொண்டிருந்ததால் முகம் தெரியவில்லை. சத்தியமா எரியலக்கா என்ற பிறகுதான் மறுபடி கை வைத்தாள். மாதம் இரண்டு முறை போக ஆரம்பித்தேன். பொடுகு போய்விட்டது. ஒவ்வொரு முறையும் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது.

அந்தப் பயத்துக்குக் காரணம் பின்னால்தான் தெரிந்தது. மொட்டைமாடியில் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன், அவள் சீயக்காயைப் பரப்பிக்கொண்டிருந்தாள். காற்று அவள் முடியைத் தூக்கியது. வலது காதுக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு முடியே இல்லாமல் தோல் பளபளவென்று இருந்தது. நான் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள். மறைக்கவில்லை.

"விழுப்புரத்துல ஒரு பெரிய பார்லர்ல வேல பாத்தன். காலேஜ் பொண்ணு ஒண்ணு முடிய நேராக்கணும்னு வந்துச்சி. க்ரீம் பூசனது நான்தான். எரியுதுக்கா எரியுதுக்கான்னு கத்துது. ஓனரம்மா, கொஞ்சம் எரியத்தான் செய்யும், வுடாதன்னாங்க. நானும் பொண்ண அமுக்கிப் புடிச்சிக்கினன்."

நான் கையில் இருந்த துணியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கழுவும்போது முடி தோலோட வந்துச்சி. அந்தப் பொண்ணோட அம்மா வந்து கேட்டாங்க. ஓனரம்மா சாதாரணமா சொல்லிட்டாங்க, க்ரீம்ல ஒண்ணுமில்ல, உங்க பொண்ணு தலையிலதான் ஏதோ கோளாறுன்னு. அவங்களும் நம்பிட்டாங்க. பொண்ணும் நம்பிடுச்சி. எனக்கு எது நெசம்னு தெரியல. டப்பால மிச்சம் இருந்தத எடுத்துக்கினு போய் இங்க பூசிக்கினன்."

காதுக்குப் பின்னால் தொட்டுக் காட்டினாள்.

"சொன்ன நேரம் வரிக்கும் கழுவாம வெச்சிருந்தன். க்ரீம்தான்."

"அப்பறம்?"

"அந்தப் பொண்ணு வூட்டுக்குப் போயி காட்டனன். ஒன் தலையில ஒரு கோளாறும் இல்லம்மா, இதப் பாருன்னு. அவங்க அம்மா என் மூஞ்சிலயே கதவ சாத்திட்டாங்க. பொண்ணு மட்டும் ஜன்னல்ல நின்னு பாத்துச்சி." சீயக்காயை மறுபடி பரப்பத் தொடங்கினாள். "பாத்துச்சி இல்ல? அது போதும்."

அன்று ராத்திரி நான் இதை என் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. சொன்னால் பைத்தியம் என்பார் என்று தோன்றியது. எனக்கே அப்படி ஒரு சந்தேகம் லேசாக இருந்தது.

சீயக்காய் வாங்க அவள் கல்வராயன் மலைக்குத்தான் போவாள். முழுப்பரீட்சை லீவில் ஒரு நாள் என்னையும் என் மகளையும் வெள்ளிமலைச் சந்தைக்குக் கூட்டிப் போனாள். மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. அக்காவிடம் நல்ல ஒட்டுதல். வளைவுகளில் பஸ் திரும்பும்போதெல்லாம் அவள் மடியில் சரிந்து சிரித்துக்கொண்டே வந்தாள். சந்தையில் ஒரு மலைக்காரம்மா சாக்கு விரித்துச் சீயக்காயும் பூந்திக்கொட்டையும் குவித்து வைத்திருந்தார். அக்கா விலை கேட்கவில்லை. ஒரு பிடி சீயக்காயைக் கல்லில் நசுக்கி, டீக்கடையில் வெந்நீர் வாங்கிக் கரைத்து, குழாயடியில் குனிந்து அத்தனை பேர் நடுவில் தலையில் ஊற்றித் தேய்த்துக்கொண்டாள். சந்தையே வேடிக்கை பார்த்தது.

மலைக்காரம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "நான் இன்னா வெஷமா விக்கறன்?"

"நீங்க வெஷம் விக்கலம்மா. என் கையால போடறது இன்னொருத்தங்க தலையில. அதுக்குத்தான்."

என் மகள் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். ஈரத்தலையோடு அக்கா இரண்டு மூட்டை சீயக்காயும் ஒரு பை பூந்திக்கொட்டையும் வாங்கினாள். பூந்திக்கொட்டை அவள் வழக்கமாக வாங்குவதில்லை. இந்த மரத்துக் கொட்டை நன்றாக நுரைக்கும், பேன் பிடித்த தலைக்கு நல்லது என்று அந்தம்மா சொன்னதால் வாங்கினாள்.

பள்ளி திறந்து கொஞ்ச நாளில் என் மகள் தலை நிறையப் பேனோடு வந்தாள். சொறிந்து சொறிந்து கழுத்தோரம் புண். அக்கா பூந்திக்கொட்டையைக் கொதிக்கவைத்துக் கெட்டியாக வடித்தாள். வழக்கம்போல முதலில் தன் தலைக்கு. ஒரு பகல் பார்த்தாள். ஒன்றுமில்லை. மறுநாள் பிற்பகல் மகளை மேலே அழைத்துப் போனாள். என் வீட்டுக்காரர் சரக்கு எடுக்க உளுந்தூர்பேட்டை போயிருந்தார். நான் கடையில் ஒருத்திக்கு வளையல் அளவு பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த அலறலை என்னால் இன்றைக்கும் எழுத்தில் எழுத முடியவில்லை.

வளையலைப் போட்டுவிட்டு ஓடினேன். மகள் தரையில் புரண்டு இரண்டு கையாலும் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். நெற்றித் துண்டு அவிழ்ந்து ஒரு பக்கம் கிடந்தது. அக்கா அவள் கைகளை விலக்கி நல்ல தண்ணீரை ஊற்ற முயன்றுகொண்டிருந்தாள். மகள் அவளை உதைத்தாள். "நீ ஊத்தாத! நீ ஊத்தாத!" சொம்பை நான் பிடுங்கிக்கொண்டேன்.

"இன்னா பண்ண என் புள்ளைய?"

"துண்டு நழுவிடுச்சி. கண்ணத் தொறந்துடுச்சி. கெட்டியா வடிச்சிட்டன்." அவள் உதடு வெளுத்துப்போயிருந்தது. "என் தலைக்கு ஒண்ணும் பண்ணலம்மா. நேத்தே பாத்தன். ஒண்ணும் பண்ணல."

அவள் தலை சொன்னதை அவள் நம்பினாள். தலையில் கைபட்டதும் கூசி நெளிகிற ஒரு சின்னப் பிள்ளை கண்ணைத் திறந்துவிடும் என்பதை அவள் தலை எப்படிச் சொல்லும்?

ஆட்டோ பிடித்துக் கண் டாக்டரிடம் ஓடினோம். அவர் மஞ்சள் சாயம் வைத்து நீல வெளிச்சத்தில் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கருவிழி மேல் தோல் பொசுங்கின மாதிரி இருக்கும்மா. வலது கண்ணு தேறிடும். இடது கண்ணுதான் கொஞ்சம் ஜாஸ்தி. மருந்து விடுங்க. நாளைக்குக் காலைல கொண்டாங்க, பாத்துத்தான் சொல்ல முடியும்."

"பார்வை?"

"பாத்துத்தாம்மா சொல்ல முடியும்."

அக்கா வாசலில் நின்றிருந்தாள். உள்ளே வரவில்லை. திரும்பும்போது ஆட்டோவிலும் ஏறவில்லை. எங்களுக்குப் பின்னால் நடந்தே வீடு வந்து சேர்ந்தாள். அதற்குள் என் வீட்டுக்காரர் வந்துவிட்டார். விஷயம் கேட்டு நேராக மாடிப்படி ஏறியவரை என்னால் தடுக்க முடியவில்லை. தடுக்க நினைக்கவும் இல்லை.

"காலி பண்ணு. இந்த மாசம் முடியறதுக்குள்ள காலி பண்ணிடு. என் புள்ள கண்ணுக்கு எதுனா ஆச்சி, அப்பறம் நான் மனுசனா இருக்கமாட்டன்."

"சரிங்க பாய்." அப்புறம் அவள் கேட்ட கேள்வி கீழே வரை வந்தது. "பாப்பாவுக்கு இன்னும் எரியுதுங்களா?"

"எரியாம? ஒன் கண்ணுல ஊத்திப் பாத்தாத்தான் தெரியும் ஒனக்கு."

அவர் கோபத்தில் சொன்ன வார்த்தை. யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

காலையில் டாக்டரிடம் கிளம்பக் கதவைத் திறந்தேன். அவள் படியில் உட்கார்ந்திருந்தாள். இடது கண் வீங்கி மூடியிருந்தது. கன்னம் வரை சிவந்து, நீர் வடிந்துகொண்டிருந்தது.

"கொஞ்ச நேரத்துக்கு எரிச்சல் தாங்கல," என்றாள். "அப்பால மண்ணு போட்ட மாதிரி உறுத்துது. வெளிச்சத்தப் பாக்க முடியல. பாப்பாவ வெயில்ல கூட்டினு போவாதீங்க, கண்ண நல்லா மூடிக் கூட்டினு போங்க."

என் வீட்டுக்காரர் என் பின்னால் வந்து நின்றார். பிறகு, "நான் ஒரு பேச்சுக்குச் சொன்னா..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டார்.

"நீங்க சொன்னதுக்காவ இல்லீங்க பாய். எவ்ளோ எரிஞ்சிருக்கும்னு எனக்குத் தெரியணும் இல்ல?"

எனக்கு அவள்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பயம்தான் வந்தது. தன் கண்ணைத் தானே விரலால் பிரித்து வைத்துக்கொண்டு அதில் அந்தப் பூந்திக்கொட்டைத் தண்ணீரை விட்டிருக்கிறாள். அந்தக் கை என் பிள்ளையின் தலையை எத்தனை முறை தொட்டிருக்கிறது என்று யோசித்தேன். அவள் குரல் கேட்டதுமே உள்ளே மகள் வீறிட்டு அழ ஆரம்பித்தாள். அக்கா எழுந்து இரண்டு படி மேலே போய் நின்றுகொண்டாள்.

ஆனாலும் அந்தக் கண்ணோடு அவளை விட்டுவிட்டுப் போக முடியவில்லை. ஆட்டோவில் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்காரச் சொன்னேன்.

டாக்டர் முதலில் மகளைப் பார்த்தார். "பரவாயில்லை, தோல் கூடிட்டு வருது," என்றார். நான் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அடுத்து அக்காவைப் பார்த்தார். விவரம் கேட்டதும் கையில் இருந்த விளக்கை அணைத்துவிட்டார்.

"உங்க கண்ண நீங்க கெடுத்துக்கிட்டா பிள்ளை கண்ணு சரியாயிடுமா?"

அவள் கன்னத்தில் வடிந்த நீரை முந்தானையால் துடைத்தாள்.

"சொல்லுங்க. ஆயிடுமா?"

"ஆவாதுங்க."

"உடனே வந்தாவது இருக்கணும். ராத்திரி முழுக்க அப்படியே வெச்சிருந்திருக்கீங்க. தழும்பு விழும் போல இருக்கு."

மருந்து வாங்கக் காத்திருந்தபோது பெஞ்சில் என் மகள் ஒரு ஓரம், அக்கா மறு ஓரம், நடுவில் நான். இரண்டு பேருக்கும் இடது கண்ணில் கட்டு. மகள் என் புடவைக்குப் பின்னால் இருந்து எட்டி எட்டிப் பார்த்தாள்.

"ஒனக்கும் எரிஞ்சிதா?"

"எரிஞ்சிது பாப்பா."

"அழுதியா?"

"அழுதன்."

"நெறயவா?"

"நெறய."

மகள் அதைக் கொஞ்ச நேரம் யோசித்தாள். அப்புறம் என் முதுகுக்குப் பின்னால் போய்விட்டாள்.

மகளின் பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை. கட்டு எடுத்த அன்று டாக்டர் காட்டிய எழுத்துகளையெல்லாம் கடைசி வரி வரை படித்தாள். நான் டாக்டர் அறையிலேயே உட்கார்ந்து அழுதேன். ஆனால் பிரச்சினை வேறு இடத்தில் போய் நின்றுகொண்டது. மகள் தலையில் தண்ணீர் விட ஒப்புக்கொள்ளவில்லை. கழுத்துக்குக் கீழேதான் குளியல். சொம்பைத் தலைக்கு மேலே தூக்கினால் போதும், உடம்பு விறைத்துப் பல் கிட்டிக்கொள்ளும். கண் எரியாத குழந்தை ஷாம்பு என்று என் வீட்டுக்காரர் நல்ல ஷாம்புவாக எடுத்து வந்தார். மூடியைத் திறந்ததும் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாள். நாளாக நாளாக முடி சிக்குப் பிடித்துக் கயிறு மாதிரி ஆனது. பேன் பெருகியது. பழைய புண்கள் சீழ் வைத்தன. பக்கத்தில் உட்காரப் பிள்ளைகள் மறுக்கிறார்கள் என்று வகுப்பு டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் கத்திரிக்கோலை எடுத்துவிட்டார்.

"ஒட்ட வெட்டிடலாம். வளந்துட்டுப் போவுது. சீழு உள்ள போச்சின்னா இன்னா பண்ணுவ?"

அவர் சொன்னதிலும் தப்பில்லை. நான் மகளைப் பிடித்துக்கொண்டேன். அவள் என் கையைக் கடித்துவிட்டு மாடிப்படியில் ஓடினாள். பின்னாலேயே நாங்கள். மொட்டைமாடியில் அக்கா காலி செய்வதற்காகச் சீயக்காயை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். கட்டு எடுத்திருந்த அவள் கண்ணில் சின்ன வெள்ளைப் புள்ளி தெரிந்தது. மகள் மூட்டைகளுக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவில் புகுந்துகொண்டாள். சுவர் அவள் இடுப்பு உயரம்தான். என் வீட்டுக்காரர் ஓரடி வைத்தார். மகள் சுவரைப் பிடித்து ஒரு காலைத் தூக்கினாள்.

"பாய்," என்றாள் அக்கா. சத்தமாகச் சொல்லவில்லை. "நில்லுங்க. கத்திரியக் கீழ வெச்சிடுங்க."

அவர் வைத்துவிட்டார்.

அக்கா மகளைப் பார்க்கவே இல்லை. அறைக்குள் போய்க் கஞ்சியில் பயத்தமாவைக் கரைத்து ஒரு வாளியில் எடுத்து வந்தாள். மகளிடமிருந்து கைக்கு எட்டாத தூரத்தில் அதை வைத்து, சொம்பை வாளியில் போட்டு, தரையில் உட்கார்ந்தாள். மகளுக்கு முதுகு காட்டிக்கொண்டு கூந்தலை அவிழ்த்துவிட்டாள்.

"நான் ஒன்னத் தொடமாட்டன் பாப்பா. நீ என் தலையக் கழுவு."

மகளின் கால் இன்னும் சுவர்மேல்தான் இருந்தது. என் வீட்டுக்காரர் என் தோளைப் பிடித்திருந்தார். எவ்வளவு நேரம் போயிற்று என்று தெரியாது. மகள் காலைக் கீழே இறக்கினாள். மூட்டைகளுக்கு நடுவிலிருந்து வந்து சொம்பை எடுத்தாள். அக்காவின் முதுகுப் பக்கம் நிற்காமல் சுற்றிக்கொண்டு முன்னால் போனாள். சொம்பு நிறைய மொண்டு, அவள் முகத்தில், அந்தக் கண்ணிலேயே, ஓங்கி வீசினாள்.

அக்காவுக்கு மூச்சு அடைத்தது. இரண்டு கையும் முழங்காலை இறுக்கிக்கொண்டன. கையைத் தூக்கவோ முகத்தைத் திருப்பவோ இல்லை.

"எரியுதா?" என்றாள் மகள். அவளுக்கு மூச்சு வாங்கியது.

"கொஞ்சம் எரியுது. இது பயத்தமாவுதான். ஆனா இந்தக் கண்ணு இன்னும் ஆறல, அதனால எரியுது."

மகள் இரண்டாவது சொம்பை மொண்டாள். தூக்கினாள். தூக்கியபடியே நின்றாள். பிறகு, "கண்ண மூடிக்க," என்றாள்.

"மூடிக்கினன்."

"நல்லா மூடு."

இடது கையை விரித்து அக்காவின் கண்கள்மேல் அழுத்தி வைத்துக்கொண்டாள். வலது கையால் மெதுவாக உச்சியில் ஊற்றினாள். பாதி தோளில் கொட்டியது. ஊற்றுவதும் தேய்ப்பதும் கேட்பதுமாக, எரியுதா, எரியுதா என்று கேட்டுக்கொண்டே கழுவினாள். அக்கா ஒவ்வொரு முறையும் இல்லை என்றாள். அழுகிறாளா, கஞ்சித் தண்ணீரா என்று தெரியவில்லை.

வாளி காலியாக ஆனபோது மகள் சொம்பை அவள் கையில் கொடுத்தாள். "இப்ப எனக்கு."

"அம்மா ஊத்தட்டும் பாப்பா."

"வேணாம். நீதான். என் கண்ண நான் மூடிக்கறன்."

அக்கா இன்னொரு வாளி கலக்கிக்கொண்டு வந்தாள். நான் பார்த்ததிலேயே முதல்முறையாக அவள் கை நடுங்கியது. சொம்பு வாளி விளிம்பில் தட்டிக்கொண்டே இருந்தது. இரண்டு உள்ளங்கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு என் மகள் அவள் முன்னால் குனிந்து உட்கார்ந்தாள். பொழுது சாயும் வரை சிக்கு எடுத்தாள் அக்கா. ஒரு முடியைக்கூட வெட்டவில்லை. புண்ணைச் சுற்றி விரல் போகும்போது மட்டும் நிறுத்திவிட்டு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வாள். என் வீட்டுக்காரர் கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் கீழே இறங்கிப்போனார்.

மறுநாள் அவரே மேலே போய்ச் சொன்னார். "காலி பண்ணச் சொன்னத மனசுல வெச்சிக்காத. இருந்துக்க."

"இல்லீங்க பாய். நான் போறன்."

"அதான் புள்ளைக்குச் சரியாயிடுச்சே."

"கை இன்னும் நிக்கலீங்க," என்று விரல்களை நீட்டிக் காட்டினாள். "இந்தக் கைய வெச்சிக்கினு யார் தலையத் தொடுவன்? மலையில கொஞ்ச நாள் இருக்கன். காய் பொறுக்கி, காயவெச்சிப் போட்டாக்கூட சோறு கெடைக்கும்."

நான் இன்னும் கொஞ்சம் வற்புறுத்தியிருக்கலாம் என்று பின்னால் பலர் சொன்னார்கள். எனக்கு அவளை அவ்வளவு பிடித்திருந்தது. ஆனால் அவள் போகிறேன் என்றதும் என் நெஞ்சுக்குள் இருந்த பயம் கட்டவிழ்ந்தது. அதுவும் உண்மைதான். இரண்டையும் வைத்துக்கொண்டு என்னால் வாயைத் திறக்க முடியவில்லை.

வெள்ளிமலை பஸ் ஏற்றிவிட நானும் மகளும் போனோம். கண்டக்டர் மூட்டையைப் பார்த்து முணுமுணுத்தார். ஜன்னலோரம் உட்கார்ந்து அக்கா மகளிடம் ஏதோ சொன்னாள். பஸ் உறுமலில் எனக்குக் கேட்கவில்லை. மகள் தலையாட்டினாள். வண்டி நகர்ந்தது. பஸ் ஸ்டாண்டை விட்டு வெளியேறி வளைவில் திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அம்மா," என்றாள் மகள்.

"இன்னாடி?"

"கைய வுடும்மா. வலிக்குது."

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். அவள் மணிக்கட்டில் என் விரல்கள் நான்கும் சிவப்பாகப் பதிந்திருந்தன.